அடிபட்ட கிட்டார் பெடல் டப்பாவைச் சீர்செய்து புதுப்பிப்பது: முழுமையான வழிகாட்டி

கையால் செய்த பெடலில் (கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வைத்து, காலால் மிதித்து ஒலியை மாற்றும் கருவி) பெயின்ட் உரிந்துவிட்டால், இருப்பதன் மேலேயே ஒரு கோட் ஸ்ப்ரே அடித்து மாட்டிவிடுவதுதான் வழக்கம். சில வாரங்களில் அந்தப் பெயின்ட்டும் நட்டோடு சேர்ந்து பெயர்ந்து வரும். அதற்குள் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) 'உர்ர்' என்று இரைச்சல் வேறு ஆரம்பித்திருக்கும். சர்க்யூட்டில்தான் கோளாறு என்று நினைத்து கெபாசிட்டரை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அலுமினிய டப்பா வெறும் உறை அல்ல. கிரவுண்டோடு (சர்க்யூட்டின் பொதுவான பூஜ்ய வோல்ட் இணைப்பு) இணைந்திருக்கும்வரை அது உள்ளே இருக்கும் ஹை-கெயின் (சிக்னலைப் பல மடங்கு பெருக்கும்) சர்க்யூட்டுக்குக் கவசம். அந்த இணைப்பைப் பெயின்ட் அறுத்துவிட்டால் வெளி இரைச்சலை உள்ளே கடத்தும் தகடு. ஆகவே கீழே வரும் எல்லா வேலையிலும் அழகுக்கு முன் இரண்டு கேள்விகள் நிற்கின்றன: கிரவுண்ட் தொடர்கிறதா? ஷூ காலால் மிதித்தால் தாங்குமா?

இங்கே பேசுவது டை-காஸ்ட், அதாவது உருகிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த அலுமினிய டப்பாக்களைப் பற்றி. கனடாவின் ஹாமண்ட் நிறுவனம் தயாரிக்கும் 1590 வரிசைதான் இவற்றுக்கு மூலம். சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அதே அளவில் வார்த்த நகல்கள். 1590பி சுமார் 112 × 60 × 31 மி.மீ., 125பி சுமார் 121 × 66 × 39 மி.மீ. சுவர் ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன். தகட்டை மடித்துச் செய்த டப்பா என்றால் ஒடுங்கிய இடத்தைக் கட்டை வைத்து உள்ளிருந்து தட்டி நிமிர்த்தலாம். டை-காஸ்ட்டைத் தட்டக் கூடாது. அது வளையாது, பிளக்கும்.

முதலில் சேதத்தைப் பாருங்கள்

அடிப்பக்க மூடியைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் உள்ளும் புறமும் பார்க்க வேண்டும். பெயின்ட் உரிதல், கீறல், வெள்ளையாகப் பூத்த அரிப்பு, முட்டை வடிவமாக விரிந்த ஜாக் (பிளக் செருகும் பாகம்) ஓட்டை, மரை போன மூடித் திருகுகள், வேண்டாத பழைய ஓட்டைகள் ஆகிய எல்லாம் சரிசெய்யக் கூடியவை. மூலையில் ஓடும் சிறு விரிசலையும் சமாளிக்கலாம். ஆனால் விரிசல் ஃபுட்ஸ்விட்ச் (காலால் மிதிக்கும் ஸ்விட்ச்) ஓட்டையைத் தொட்டாலோ, மூடித் திருகு இறங்கும் தூணைக் குறுக்காக வெட்டினாலோ அந்த டப்பாவை விட்டுவிடுங்கள். அந்த இரண்டு இடங்களில்தான் முழு எடையும் இறங்குகிறது. ஒட்டிய ஒட்டு அங்கே நிற்காது. உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்குப் புது டப்பா வாங்குவதே மலிவு. வெல்டிங்கும் வேண்டாம்: டை-காஸ்ட் உலோகத்துக்குள் நுண்ணிய காற்றுக்குழிகள் உண்டு, சூடேறியதும் அவை குமிழ்விட்டு வெல்டைக் கெடுக்கும்.

ஃபினிஷை இப்போதே முடிவு செய்ய வேண்டும்

ஓட்டையை எதால் அடைப்பது, புது ஓட்டையை எந்த அளவில் போடுவது என்பதெல்லாம் கடைசியில் மேலே என்ன பூசப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. அதனால் இந்த முடிவைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது.

பவுடர் கோட்டிங், அதாவது பவுடரைத் தூவிச் சுட்டு இறுக்கும் பூச்சு, மிக உறுதியானது. ஆனால் அது 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் சுடப்படுவது. சாதாரண இரண்டு டியூப் எபாக்ஸியும், கார் பட்டறையில் போடும் பட்டியும் அந்தச் சூட்டில் இளகிவிடும் அல்லது வெடித்து உதிரும். ஜே-பி வெல்டின் பழைய ஒரிஜினல் வகை போன்ற, 250 டிகிரிக்கு மேல் தாங்கும் இரும்புத்தூள் எபாக்ஸிகள் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் ஒட்டுப் போட்ட இடத்தில் பவுடர் ஒரே சீராகப் பிடிப்பதில்லை. எனவே ஒட்டு, பட்டி எதுவும் தேவைப்படாத டப்பாவுக்குப் பவுடர். பழைய ஓட்டைகளை அடைக்க வேண்டிய டப்பாவுக்கு ஸ்ப்ரே பெயின்ட். முகப்பு முழுக்க ஓட்டை என்றால் மேலே ஒரு அலுமினியத் தகடு. தகட்டைப் பற்றிப் பின்னால் வருகிறது. பல நேரங்களில் அதுதான் மூன்றிலும் சிறந்த வழி.

அனோடைஸிங் (மின்சாரத்தால் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஏற்றி நிறமூட்டுவது) கேட்டு வருபவர்களுக்கு: வேண்டாம். இந்த வார்ப்பு உலோகத்தில் சிலிக்கான் கிட்டத்தட்ட பத்து சதவீதம் இருக்கும். அது நிறம் பிடிக்காமல் திட்டுத்திட்டாகச் சாம்பல் பூத்துக் கிடக்கும்.

கழற்றுவது

கழற்றும் முன் மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஒயரிலும் மாஸ்கிங் டேப் சுற்றி எண் எழுதுங்கள். கைவேலைப் பெடலில் ஒயர் நிறத்தை நம்பக் கூடாது. செய்தவர் கையில் அன்று எந்த நிறம் இருந்ததோ அதுதான் இருக்கும்.

நாப்பின் பக்கவாட்டில் சிறு திருகு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேல்நோக்கி நேராக இழுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயின்ட்டும் போகும், பொட்டின் (நாப்புக்கு அடியில் திரும்பும் மின்தடைப் பாகம்) தண்டும் சாயும். பொட்டின் நட்டு பெரும்பாலும் 10 மி.மீ., ஃபுட்ஸ்விட்ச்சின் நட்டு 14 மி.மீ., ஸ்விட்ச்கிராஃப்ட் வகை ஜாக்கின் நட்டு அரை அங்குலம். நட்டைத் திருப்பும்போது உள்ளே பொட்டையோ ஜாக்கையோ மறு கையால் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் முழுப் பாகமும் சுழன்று, ஒயர் முறுக்கி, போர்டிலிருந்து காப்பர் பட்டையையே பிடுங்கிவிடும். புதுப்பித்த பின் "முன்னாடி வேலை செய்தது, இப்போது இல்லை" என்று வருபவற்றில் இதுவே முதல் காரணம்.

பவர் ஜாக்கில் இரண்டு வகை. நட்டு வெளியே இருக்கும் வகை உள்ளே நழுவி வந்துவிடும், சால்டரைத் தொட வேண்டியதில்லை. நட்டு உள்ளே இருக்கும் வகை வெளியிலிருந்து செருகப்பட்டது. ஒயர்களைச் சால்டர் எடுத்தால்தான் வெளியே வரும். மாற்றுவதாக இருந்தால் வெளி நட்டு வகைக்கு மாறிவிடுங்கள்.

எல்லாம் வெளியே வந்ததும் சர்க்யூட்டை மேசையில் வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஏற்கெனவே கோளாறு இருந்தால் இப்போதே தெரியட்டும். பெயின்ட் அடித்து மாட்டிய பிறகு தெரிந்தால் இரண்டு வேலை.

பழைய பூச்சை எடுப்பது

ஸ்ப்ரே பெயின்ட் என்றால் என்.சி. தின்னரில் நனைத்த துணி போதும். பவுடர் கோட்டிங் தின்னருக்கு மசியாது. அதற்குக் கடையில் கிடைக்கும் பெயின்ட் ரிமூவர் வேண்டும். வலுவானவற்றில் இருப்பது மெத்திலீன் குளோரைடு. பிரஷ்ஷால் தடிமனாகத் தடவி, பாலித்தீன் உறையில் சுற்றி 20 நிமிடம் வைத்தால் பூச்சு சுருங்கித் தோலாக எழும்பும். மரக் குச்சியால் தள்ளி, தேவைப்பட்டால் இன்னொரு முறை. இதை மொட்டை மாடி போன்ற திறந்த வெளியில் மட்டுமே செய்ய வேண்டும். அதன் ஆவி காற்றைவிட கனம், மூடிய அறையில் தரையோடு தேங்கும். உடலுக்குள் போனால் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடாக மாறும். இதனால் இறந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2019 முதல் இதைச் சில்லறையில் பொதுமக்களுக்கு விற்கத் தடை இருப்பதும் அதனால்தான். நீல நிற நைட்ரைல் கையுறையை இது சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், அதை நம்பி கையை உள்ளே விடாதீர்கள். ரிமூவர் வேண்டாம் என்றால் ஹீட் கன்னால் பூச்சை இளக்கிச் சுரண்டலாம். நேரம் பிடிக்கும், ஆனால் மூச்சுக்கு ஆபத்து குறைவு.

காஸ்டிக் சோடாவையோ, சாக்கடை அடைப்பு நீக்கும் தூளையோ போட்டு ஊறவைக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். இரும்புக்குச் சரி. அலுமினியத்தை அது பெயின்ட்டோடு சேர்த்துக் கரைக்கும். ஹைட்ரஜன் வாயு கொப்பளிக்கும், தண்ணீர் கொதிக்கும், டப்பா அம்மைத் தழும்போடு வெளியே வரும்.

பேட்டரி கசிந்து அரித்த டப்பாவில், எந்த பேட்டரி என்று பாருங்கள். ஆல்கலைன் கசிவு காரம், அதைக் கொஞ்சம் வினிகர் கொண்டு துடைக்க வேண்டும். மலிவான ஜிங்க்-கார்பன் பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை உள்ளது, அதற்கு ஆப்ப சோடா கரைத்த தண்ணீர். பிறகு சுத்தமான தண்ணீர், பிறகு பிரஷ்.

உலோக வேலை

மூடித் திருகுகளிலிருந்து ஆரம்பிக்கலாம், மூடி இறுகாத டப்பாவில் மற்றதெல்லாம் வீண். ஹாமண்ட் டப்பாவில் இருப்பது 6-32 அங்குல மரை. நகல்களில் பெரும்பாலும் மெட்ரிக். ஒன்றின் திருகை மற்றொன்றில் போட்டு முறுக்கியதால்தான் பாதி டப்பாக்களில் மரை போகிறது. முதலில் துளையின் ஆழத்தைக் குச்சி விட்டு அளந்து பாருங்கள். பழைய திருகு பாதி ஆழம் மட்டுமே போயிருந்தால் அதைவிட 3 மி.மீ. கூடுதல் நீளமுள்ள திருகு கீழே இருக்கும் நல்ல மரையைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு வழியில்லை என்றால் எம்4 ஆகப் பெரிதாக்க வேண்டும்: 3.3 மி.மீ. டிரில் பிட், எம்4 × 0.7 டேப் (மரை வெட்டும் கருவி), ஒரு சொட்டு மண்ணெண்ணெய். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், அடிக்கடி வெளியே எடுத்துத் தூளை ஊதிவிட வேண்டும். துளை மறுபக்கம் திறந்ததல்ல. தூள் அடியில் சேர்ந்தால் டேப் உள்ளேயே முறியும். மூடியின் ஓட்டையை 4.3 மி.மீ. ஆக்கி, திருகுத் தலை அமரும் குழியையும் அகலப்படுத்த மறக்க வேண்டாம். நான்கையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள், ஒன்று மட்டும் வேறு அளவில் இருந்தால் அடுத்த முறை யாராவது தவறாகப் போடுவார்கள்.

வேண்டாத ஓட்டையை அடைப்பதில் எல்லோரும் செய்யும் தவறு, எம்-சீலை உருட்டி அமுக்கிவிடுவது. ஓட்டையின் சுவர் வழுவழுப்பு. ஃபுட்ஸ்விட்ச் மிதிபடும் அதிர்வில் அடைப்பு வட்டமாகக் கழன்று விழும், அல்லது பெயின்ட்டில் மெல்லிய வளையமாக விளிம்பு தெரியும். சரியான வழி இது. பெரிய பிட்டால் ஓட்டையின் விளிம்பை உள்பக்கமும் வெளிப்பக்கமும் சரிவாகச் சீவுங்கள். இப்போது அடைப்பு இரு பக்கமும் அகன்று, நடுவில் குறுகி, ரிவிட் போல தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பொட், ஜாக், ஃபுட்ஸ்விட்ச் ஓட்டைகள் பெரியவை என்பதால் வெறும் பசை வேண்டாம்: அதே விட்ட அலுமினியக் கம்பியிலிருந்து 2 மி.மீ. வில்லை ஒன்றை ஹேக்ஸாவால் அறுத்துக்கொள்ளுங்கள், அல்லது லேத் பட்டறையில் சொன்னால் சீவிக் கொடுப்பார்கள். சுவரை எமரியால் சொரசொரப்பாக்கி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முகப்பில் அலுமினிய டேப் ஒட்டி மூடி, உள்ளிருந்து வில்லையையும் மெதுவாக இறுகும் எபாக்ஸியையும் இட்டு நிரப்புங்கள். ஐந்து நிமிட எபாக்ஸி இதற்கு ஆகாது, அது ரப்பர் போல் இளகலாகவே நின்று அரத்தில் இழுபடும். 24 மணி நேரம் கழித்து டேப்பை உரித்துத் தட்டை அரத்தால் சமன்படுத்துங்கள்.

விரிசல் என்றால் அதன் நுனியைக் கண்டுபிடித்து அங்கே 1.5 மி.மீ. துளை போட வேண்டும். நுனியின் கூர்மையில்தான் அழுத்தம் குவிகிறது, துளை அதைப் பரப்பிவிடும். விரிசல் மேலே ஓடாது. பிறகு உள்பக்கம் 1 மி.மீ. அலுமினியத் தகட்டை விரிசலின் இருபுறமும் 10 மி.மீ. தாண்டும்படி வெட்டி எபாக்ஸியால் ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். அந்தத் தகடு பொட்டுக்கோ ஜாக்குக்கோ இடிக்காத இடமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி முகப்பு. கையில் எமரி பேப்பரை மடித்துத் தேய்த்தால் முகப்பு அலையலையாகத்தான் வரும், பளபளப்பான பெயின்ட்டில் அது அப்படியே தெரியும். கனமான கண்ணாடித் துண்டின் மேல் 180 எமரி பேப்பரை ஒட்டி, சோப்புத் தண்ணீர் விட்டு, டப்பாவைக் கவிழ்த்து எட்டு எழுதுவது போல் நகர்த்துங்கள். பத்துச் சுற்றுக்குப் பின் திருப்பிப் பார்த்தால் நான்கு மூலைகளும் ஓரமும் மட்டும் பளிச்சென்று இருக்கும், நடுவில் மங்கலான திட்டு நிற்கும். வார்ப்பு குளிரும்போது நடுப்பகுதி லேசாக உள்வாங்குவதால் வருவது அது. மங்கல் முழுதும் மறையும்வரை 180, பிறகு 320, பிறகு பெயின்ட்டுக்கு 400-இல் நிறுத்தலாம். அதைவிட வழவழப்பாக்கினால் பிரைமருக்குப் பிடிமானம் இருக்காது. உலோகத்தையே பளபளப்பாக விடப் போகிறீர்கள் என்றால் 600, 800, 1200, கடைசியில் பிராசோ பாலிஷ்.

சிறு குழிகளுக்குக் கார் பட்டறைப் பட்டி. ஹார்டனர் எடையில் 2 சதவீதம் போதும். சிவப்பு நிற ஹார்டனர் அதிகமானால் பட்டியின் நிறம் மேலே வெள்ளைப் பெயின்ட்டில் கசியும். ஒரு தடவைக்கு 2 மி.மீ.க்கு மேல் ஏற்றாதீர்கள்.

புது ஓட்டைகள்

அளவுகளை வாங்கிய பாகத்தில் காலிப்பர் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பொதுவாக வருபவை:

- உடம்பு 16 மி.மீ. அல்லது 9 மி.மீ. உள்ள பொட், எம்7 மரை: 7 மி.மீ.
- 3பிடிடி ஃபுட்ஸ்விட்ச்: 12 மி.மீ.
- கால் அங்குல ஜாக்: 9.5 முதல் 10 மி.மீ.
- வெளி நட்டு பிளாஸ்டிக் பவர் ஜாக்: 12 மி.மீ.
- சிறு டாகிள் ஸ்விட்ச்: 6 முதல் 6.4 மி.மீ.
- 5 மி.மீ. எல்.இ.டி.: நேரடியாக 5, பெசல் (எல்.இ.டி.யைப் பிடிக்கும் வளையம்) வைத்தால் பெரும்பாலும் 8 மி.மீ.

பவுடர் கோட்டிங் ஒரு பக்கத்துக்கு 60 முதல் 100 மைக்ரான் ஏறும். ஓட்டையின் விட்டத்தில் 0.2 மி.மீ. வரை குறையும். ஓட்டையை முன்பே போட்டுவிட்டு அனுப்புவதாக இருந்தால் அந்த 0.2-ஐ ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பூச்சுக்குப் பின் ஓட்டை போட்டால் விளிம்பில் பூச்சு சில்லு சில்லாக உடையும்.

டெம்ப்ளேட்டை அச்சிடும்போது பிரின்டர் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று தானாகச் சுருக்கிவிடும். தாளில் 100 மி.மீ. கோடு ஒன்றையும் சேர்த்து அச்சிட்டு ஸ்கேலால் அளந்து பாருங்கள். 16 மி.மீ. பொட்டுகளின் மையத்துக்கு மையம் 20 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஃபுட்ஸ்விட்ச் மையத்துக்கும் அருகிலிருக்கும் நாப்பின் விளிம்புக்கும் 25 மி.மீ. விட்டால்தான் மிதிக்கும்போது டோன் மாறாமல் இருக்கும். பக்கவாட்டு ஜாக்கின் உயரத்தை முகப்பிலிருந்து அளக்க வேண்டும். மூடிப் பக்க விளிம்பிலிருந்து அளந்தால் சுவரின் சாய்வு ஏமாற்றும். 1590பி உள்ளே உயரம் 27 மி.மீ. சுற்றளவில்தான். இரண்டு ஜாக்கையும் மேல் முனைக்கு மாற்றும் ஆசை இருந்தால் முதலில் காகித அட்டையில் பாகங்களின் வடிவத்தை வெட்டி உள்ளே அடுக்கிப் பாருங்கள். மேல் முனையில் இரண்டு ஜாக்கும் நடுவில் பவர் ஜாக்கும் 125பியில் உட்காரும், 1590பியில் பெரும்பாலும் பொட்டில் இடிக்கும்.

மாஸ்கிங் டேப் ஒட்டி, டெம்ப்ளேட் ஒட்டி, சென்டர் பஞ்ச், பிறகு 3 மி.மீ. வழித்துளை. டப்பாவுக்குள் மரக்கட்டையை இறுக்கமாகச் செருகி வைஸில் பிடியுங்கள். பெரிய ஓட்டைகளுக்கு ஸ்டெப் பிட் (படிப்படியாக அகலும் கூம்பு வடிவ பிட்) மிக நல்லது, அலுமினியத்தில் வட்டம் வட்டமாகவே வரும். ஆனால் மலிவாகக் கிடைப்பது 4, 6, 8, 10, 12 என்று இரண்டிரண்டாக ஏறும். பொட்டுக்கான 7 அதில் கிடையாது, தனி 7 மி.மீ. பிட் வாங்க வேண்டும். 8-இல் போட்டு வாஷரால் மறைக்கலாம்தான், பொட் நகர்ந்துகொண்டே இருக்கும். ஓட்டையின் பிசிறை ஒரு பெரிய பிட்டைக் கையில் பிடித்துத் திருகி எடுத்துவிடுங்கள்.

பெயின்ட்

பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, காயவைத்து, ஆல்கஹாலில் துடைத்த பின் கையால் தொடக் கூடாது. தேய்த்த அலுமினியத்தில் ஆக்சைடு படலம் உடனே ஏற ஆரம்பிக்கும் என்பதால் அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். சாதாரண சாம்பல் பிரைமர் அலுமினியத்தில் தோலாக உரியும். எட்ச் பிரைமரோ (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிப்பது) எபாக்ஸி பிரைமரோ வேண்டும். பெயின்ட் கடையில் மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமரை எடுத்துக் கொடுத்தால், நன்றாகப் பிடிக்கும்தான். ஆனால் அதன் தூள் புற்றுநோய் தரக்கூடியது, உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது.

அடிக்கும் முன் மறைக்க வேண்டிய இடங்கள்: ஜாக் ஓட்டையின் உள்பக்கத்தில் 15 மி.மீ. வட்டம், மூடி அமரும் விளிம்பு, மூடியின் உள்பக்கம், திருகுத் துளைகள். பவுடர் கோட்டிங் கடைக்குக் கொடுத்தாலும் இதைச் சொல்லியே கொடுங்கள். சொல்லாவிட்டால் உள்ளே வெளியே எல்லாம் பூசி, மரைக்குள்ளும் நிரப்பித் தருவார்கள். டை-காஸ்ட் என்றும் சொல்ல வேண்டும். பவுடர் தூவும் முன் டப்பாவை வெறுமனே ஒரு முறை சுட்டுக் காற்றை வெளியேற்றாவிட்டால் பூச்சில் ஊசிக்குழிகள் வரும்.

ஸ்ப்ரே 20 முதல் 25 செ.மீ. தூரத்தில், மெல்லிய கோட்டாக, பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று நான்கு முறை. ஒரே கோட்டில் மூட நினைத்தால் விளிம்பில் வழியும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மழைக்கால மாலையில் லாக்கர் அடித்தால் வெள்ளை மூட்டம் பூத்து நிற்கும்: தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதன்மேல் படிவதுதான் அது. காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பின், நிழலில் அடியுங்கள். எனாமல் மேல் லாக்கர் அடிக்காதீர்கள், அடியில் இருப்பது சுருண்டு எழும்பும். கிளியர் உட்பட எல்லாக் கேனும் ஒரே பிராண்டில் ஒரே வகையாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டு பாகம் கலக்கும் 2கே கிளியர் கல் போல் இறுகும்; அதில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கிறது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது, வீட்டில் வேண்டாம்.

விரலில் காய்ந்தது போல் தெரிந்தாலும் சாதாரண அக்ரிலிக் ஒரு வாரம் கழித்துத்தான் நட்டின் அழுத்தத்தைத் தாங்கும். இந்த ஒரு வாரம்தான் யாராலும் காத்திருக்க முடியாத வாரம், எல்லா டப்பாவிலும் நட்டைச் சுற்றிப் பெயின்ட் கசங்கியிருப்பதற்குக் காரணமும் அதுதான்.

எழுத்தும் படமும்

வாட்டர்ஸ்லைடு டெக்கால் (தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து வழுக்கி ஒட்டும் படலம்) எளிது. இங்க்ஜெட்டில் அச்சிட்டால் தண்ணீரில் போடும் முன் இரண்டு கோட் கிளியர் அடித்து மையைப் பூட்ட வேண்டும். லேசர் அச்சுக்கு அது தேவையில்லை. சாதாரணப் பிரின்டர் வெள்ளை அச்சிடாது, ஆகவே அடிநிறம் வெளிர்நிறமாக இருக்க வேண்டும். மேட் பரப்பின் மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல் மின்னும். முதலில் ஒரு கிளாஸ் கோட், பிறகு டெக்கால், ஓரிரவு காயவைத்தல், மேலே தூறல் போல் இரண்டு கிளியர், அதன் பின்தான் முழுக் கோட். எடுத்த எடுப்பில் நனைய அடித்தால் டெக்கால் சுருங்கும். பெர்மனன்ட் மார்க்கரில் வரைந்ததும் கிளியர் பட்டால் இப்படித்தான் கரைந்தோடும், பெயின்ட் மார்க்கர் ஓடாது.

கையால் தீட்டுவதைக் குறைவாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மினியாபோலிஸில் உள்ள ஸீ.வெக்ஸ் பெடல் நிறுவனம் ஒரே சர்க்யூட்டைக் கையால் தீட்டிய டப்பாவில் ஒரு விலைக்கும், சில்க்ஸ்கிரீன் அடித்த 'வெக்ஸ்டர்' வரிசையில் குறைந்த விலைக்கும் விற்றது.

பொறிப்பு வேண்டும் என்றால் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) உப்பும் போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒவ்வொன்றும் 50 கிராம். ஃபெரிக் குளோரைடு அலுமினியத்தோடு மூர்க்கமாகக் கொதித்து டோனரையே பெயர்த்துவிடும். இது நிதானமாகத் தின்னும். ஜெராக்ஸ் கடையில் வழவழப்பான தாளில் லேசர் அச்சு, கண்ணாடியில் தெரிவது போல் திருப்பிய படம். டோனர் பட்ட இடம் காப்பாற்றப்படும், வெறும் இடம் அரிக்கப்படும். தடித்த அலுமினியம் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் டப்பாவை முதலில் இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி, அதன் மேல் தாளை வைத்து மூன்று நான்கு நிமிடம் அழுத்துங்கள். ஆறிய பின் தண்ணீரில் ஊறவைத்துத் தாளை விரலால் தேய்த்து எடுக்க வேண்டும். விட்டுப்போன இடங்களுக்கு நகப்பூச்சு. ஓட்டைகள், பக்கங்கள், உள்பக்கம் எல்லாம் பேக்கிங் டேப். முகப்பை மட்டும் கரைசலில் கவிழ்த்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து, படியும் செந்நிறச் செம்புத்தூளை மென்மையான பிரஷ்ஷால் தள்ளிவிடுங்கள். நகத்தில் தட்டும் ஆழம் வந்ததும் நிறுத்திக் கழுவி, கறுப்புப் பெயின்ட்டைக் குழியில் நிரப்பி, காய்ந்ததும் கண்ணாடி மேல் 400-இல் தேய்த்தால் எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கும். மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல், சலவை சோடா போட்டுச் செம்பைப் படியவைத்து வடிகட்டுங்கள்.

நாப்களுக்குத் தமிழில் பெயர் பொறிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ண', 'ஞ', 'ஷ' போன்ற சுழி எழுத்துகள் ஆங்கில எழுத்தின் அளவிலேயே வைத்தால் சுழிக்குள் அரிப்பு ஓடி அடைந்துவிடும். குறைந்தது 10 பாயின்ட், சீரான தடிமன் உள்ள எழுத்துரு. 'ஒலி', 'கனம்' போன்ற குறுஞ்சொற்கள் பிழைக்கும்.

கடைசியாக, தகடு. 1 மி.மீ. அலுமினியத் தகட்டை முகப்பின் அளவுக்கு வெட்டி, பெயர்ப்பலகை, கேடயம் செய்யும் கடையில் லேசரால் பொறித்து வாங்கி, புதிய ஓட்டைகளோடு டப்பாவின் மேல் வைத்தால் அடியில் இருக்கும் பழைய ஓட்டைகள் எல்லாம் மறையும். பசை தேவையில்லை, பொட்டும் ஃபுட்ஸ்விட்ச்சும் நட்டால் தகட்டை இறுக்கிவிடும். பொட்டின் மரை நீளம் சுவர், தகடு, வாஷர், நட்டு எல்லாவற்றுக்கும் எட்டுகிறதா என்று மட்டும் முன்பே பாருங்கள். பழைய ஓட்டை புதிய ஃபுட்ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் விழுந்தால் அதை வில்லையால் அடைத்த பிறகே தகட்டை வையுங்கள். வெறும் 1 மி.மீ. தகடு காலைத் தாங்காது.

மாட்டுவதும் சோதிப்பதும்

ஜாக்கின் உள்பக்கம் பல் வாஷர், வெறும் உலோகத்தில் அமர வேண்டும். வெளிப்பக்கம் நைலான் வாஷர் போட்டால் பெயின்ட் கசங்காது. முட்டை வடிவமாகிப்போன ஓட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் அகலமான தட்டை வாஷர். முழுதும் பிளாஸ்டிக் உடம்பு கொண்ட ஜாக்குகளைப் போட்டிருந்தால் டப்பாவுக்குக் கிரவுண்ட் எந்த வழியிலும் போகாது. போர்டின் கிரவுண்டிலிருந்து ஒரு ஒயரை வளைய லக் வைத்துத் திருகால் டப்பாவில் பிடிக்க வேண்டும்.

பவர் ஜாக் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். பெடலுக்கான வழக்கமான 9 வோல்ட் அடாப்டரில் நடு முள் நெகட்டிவ், வெளி உறை பாசிட்டிவ். உலோக உடம்பு ஜாக்கைப் போட்டால் பாசிட்டிவ் நேராக டப்பாவைத் தொட்டு ஷார்ட் ஆகும். 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் போன்ற ஜெர்மேனியம் பி.என்.பி. டிரான்சிஸ்டர் பெடல்கள் மட்டும் விதிவிலக்கு, அவற்றில் கிரவுண்டே பாசிட்டிவ். அவற்றை மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரின் கிளைக் கம்பியில் மாட்டக் கூடாது.

பொட்டின் முதுகு போர்டின் சால்டர் முனைகளைத் தொடாமல் அட்டையோ இன்சுலேஷன் டேப்போ வையுங்கள். ஃபுட்ஸ்விட்ச் காதுகளுக்கு (ஒயர் சால்டர் செய்யும் முனைகள்) நேராக மூடியின் உள்பக்கமும் ஒரு துண்டு. நட்டுகளைக் கையால் முடிந்தவரை இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று.

மூடியைப் போட்டு மல்டிமீட்டரை எடுங்கள். ஜாக்கின் ஸ்லீவிலிருந்து (அதன் கிரவுண்ட் முனை) டப்பாவுக்கு 1 ஓமுக்குக் கீழ் காட்ட வேண்டும். ஸ்லீவிலிருந்து மூடிக்கும் அப்படியே. மூடிக்குக் காட்டவில்லை என்றால் விளிம்பில் பூச்சு இருக்கிறது, ஒரு மூலையில் சுரண்டினால் போதும். பவர் ஜாக்கின் பாசிட்டிவ் முனையிலிருந்து டப்பாவுக்கு பீப் வரக் கூடாது. சில கிலோ ஓம் காட்டினால் அது சர்க்யூட் வழியாக வருவது, பரவாயில்லை.

முதல் முறை அடாப்டர் வேண்டாம், 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பேட்டரி சூடாகும், பாகம் பிழைக்கும். மூடி திறந்திருக்கும்போது வேலை செய்து, மூடியதும் நின்றால் ஃபுட்ஸ்விட்ச் காதோ ஜாக்கின் நுனிப் பட்டையோ எங்கோ தொடுகிறது. பிளக்கைச் செருகி வைத்துக்கொண்டு தேடுங்கள், நுனிப் பட்டை பிளக் இருக்கும்போதுதான் வெளியே விரியும். டப்பாவைக் கையால் தொட்டதும் இரைச்சல் மாறினால் கிரவுண்ட் விட்டிருக்கிறது. பைபாஸில் (பெடல் அணைந்திருக்கும்போது) அமைதி, ஆன் செய்தால் மட்டும் இரைச்சல், அதுவும் மூடி போட்டதும் குறைகிறது என்றால் டப்பா தன் வேலையைச் செய்கிறது. மிச்சம் இருப்பது சர்க்யூட்டின் இயல்பான கெயின்.

அடியில் ரப்பர் கால் ஒட்டும் முன் மூடியை ஆல்கஹாலால் துடையுங்கள். பெடல்போர்டில் வெல்க்ரோ போடுவதாக இருந்தால், ஸ்ப்ரே அடித்த மூடியில் ஒட்டாதீர்கள்: பிடுங்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். மூடியின் வெளிப்பக்கத்தை வெறும் உலோகமாகவே விட்டுவிடலாம்.